'கரண்ட்' வைத்த அம்மா பேத்தியைத் தூக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பாளையங்கோட்டையில் 25 நாள் 'கரண்ட்' (வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கும் கதிர் சிகிச்சை) வைக்கச் சொன்னார்கள், 12 முடிந்துவிட்டது. தாளில் '15 எம்.வி.' என்று இருக்கிறது. "பிள்ளைய எடுத்துராதீங்க மதினி, கதிர் ஒட்டிக்கிடும்" என்கிறாள் அத்தை. ஒருவர் கதிரை இறக்கப் பொடி தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாகத் தூக்கலாம். ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கப் போடலாம்.

அந்த மெஷின் எலெக்ட்ரான்களை வேகமேற்றி டங்ஸ்டன் தகட்டில் மோதவிடுகிறது. அங்கே பிறக்கும் எக்ஸ்ரேதான் உடம்புக்குள் போகிறது. உடம்பே கதிர் வீச வேண்டுமானால், அந்த எக்ஸ்ரே அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பெயர்க்க வேண்டும். அதற்குக் கார்பனில் 18.7 எம்.இ.வி. (எக்ஸ்ரேயின் ஆற்றலை அளக்கும் அலகு), ஆக்சிஜனில் 15.7, நைட்ரஜனில் 10.6 தேவை. தாளில் உள்ள '15 எம்.வி.' என்றால், அந்த எக்ஸ்ரேயின் உச்ச ஆற்றலே 15 எம்.இ.வி.தான். சாதாரண ஹைட்ரஜனில் நியூட்ரானே கிடையாது. மிஞ்சுவது முக்கியமாக நைட்ரஜன், உடம்பு எடையில் சுமார் 3 சதவீதம். அதில் துளி நைட்ரஜன்-13 (கதிர் வீசும் நைட்ரஜன்) உண்டானாலும் 10 நிமிடத்துக்கொரு தரம் பாதியாகும். ஒரு மணி நேரத்தில் 64-ல் ஒரு பங்கு. பஸ் அம்பாசமுத்திரம் சேருவதற்குள் கணக்கில் வராது. 6 எம்.வி. என்றால் இந்தத் துளியும் இல்லை.

மெஷினின் உலோகத் தலைப்பகுதி மட்டும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கதிர் வீசும். சில இடங்களில் டெக்னீசியன் உள்ளே வரச் சற்றுத் தாமதிப்பது அதற்காக, அம்மாவுக்குப் பயந்தல்ல.

பொடியை வாங்காதீர்கள். இறக்குவதற்கு உள்ளே எதுவுமே இல்லை. வயிற்றில் கரண்ட் வைத்தால் பேதி வருவது சகஜம். அந்த நேரத்தில் பேர் தெரியாத பொடி நீர்ச்சத்தை இன்னும் வற்றடிக்கலாம். "இவரால் யாருக்கும் கதிர் வராது" என்று சிகிச்சைத் தாளில் ஒரு வரி அச்சடித்தால் இந்த வியாபாரமே படுத்துவிடும். எத்தனை வருடமாகச் சொல்கிறோம், அச்சடிக்க ஆளில்லை!

அத்தையின் பேச்சு பொருந்துகிற இடம் ஒன்று உண்டு: தைராய்டு புற்றுநோய்க்கு வாயால் கொடுக்கும் அயோடின்-131. அங்கே கதிர் வீசும் பொருளே உடம்புக்குள் இருக்கிறது. அது பாதியாக 8 நாள் ஆகும். சிறுநீர், எச்சில், வியர்வை எல்லாவற்றிலும் வரும். டாக்டர் சொல்லும் நாள்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அண்டவிடக் கூடாது. தனிப் படுக்கை, தனித் தட்டு, கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர். ஊரில் இரண்டுக்குமே 'கதிர் சிகிச்சை' என்று ஒரே பேர், குழப்பம் அங்கேதான்.

இந்தப் பயத்தில் நடுவில் நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பப்பை வாய்க்கு, கடைசியில் உள்ளே வைக்கும் கரண்டையும் (கதிர்ப்பொருளைக் கர்ப்பப்பை வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துவிடுவது) சேர்த்து 56 நாளுக்குள் முடிய வேண்டும். இழுத்தால் கட்டி மறுபடி தலைதூக்கலாம். ஒரு நாள் தவறினால் அன்றே போன் செய்து, ஈடுகட்டும் நாளைக் கேட்டு வாங்குங்கள்.