முதல் தடவையா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றீங்களா? கேளுங்க, சொல்றேன்

வீட்டுக்கும் சொந்தக்காரங்களுக்கும் பல வருஷமா டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிறேன். முதல் தடவை செய்யப் போறவங்க கேட்டதுக்கு என் பதில்கள்.

கே: அண்ணா, இப்போதைக்கு ரைசன் 5 5600 ப்ராசசர் போட்டுட்டு, கிராபிக்ஸ் கார்டு ஆறு மாசம் கழிச்சு வாங்கலாமா?

ஆறு மாசமும் மானிட்டர்ல ஒண்ணும் வராது தம்பி. 5600-க்குள்ள கிராபிக்ஸ் கிடையாது. போர்டுல எச்டிஎம்ஐ இருந்தாலும் பிரயோஜனமில்ல. கார்டு பிறகுதான்னா, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற 5600ஜி எடுங்க. இன்டெல்ல மாடல் நம்பர் 'எஃப்'னு முடிஞ்சாலும் இதே நிலைமைதான்.

கே: பழைய கம்ப்யூட்டர்ல இருந்த டிடிஆர்4 ரேம், ஏஎம்5 போர்டுல சேருமா?

சேராது. ஏஎம்5-ங்கிறது ஏஎம்டி ப்ராசசர் உட்கார்ற ஒரு சாக்கெட் வகை. அதுக்கு அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5 மட்டும்தான். ரேம் அடியில இருக்கிற வெட்டே வேற இடத்துல இருக்கும், அழுத்திப் பார்க்காதீங்க.

கே: எல்லாம் மாட்டிட்டேன் சார். ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல. போர்டு போயிடுச்சா?

பயப்படாதீங்க. எனக்கு இப்படி வந்த போன்கள்ல பெரும்பாலும் எந்தப் பொருளும் கெட்டிருக்கல. முதல்ல கேபிள் கிராபிக்ஸ் கார்டுல சொருகியிருக்கா, போர்டுலயான்னு பாருங்க. கார்டு இருந்தா கார்டுலதான் சொருகணும். அடுத்து, ப்ராசசர் பக்கத்துல போர்டோட மேல் மூலையில இருக்கிற 8 பின் பவர். கூலரை மாட்டினப்புறம் அங்கே விரல் நுழையாது, அதனாலயே பலர் விட்டுடறாங்க. என் முதல் மெஷின்ல நானும் அதை விட்டுட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ரேம். பவரை நிறுத்திட்டுக் கழட்டி, ரெண்டு முனையையும் கட்டைவிரலால அழுத்துங்க. 'டக்'னு சத்தம் வரணும். பல போர்டுல ஒரு பக்கம் மட்டும்தான் க்ளிப் இருக்கும், மறுபக்கம் லேசா தூக்கிக்கிட்டு நிக்கறது கண்ணுக்கே தெரியாது. நாலு ஸ்லாட் இருந்து ரெண்டு ரேம் போட்டா, பெரும்பாலான போர்டுல ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட். டிடிஆர்5-ன்னா முதல் தடவை ஆன் பண்ணும்போது மெமரி ட்ரெய்னிங் நடக்கும், அதாவது போர்டு ரேமைச் சோதிச்சு செட் பண்ணிக்கும்; திரை சில நிமிஷம் கறுப்பாவே இருக்கும். நடுவுல ஆஃப் பண்ணாம பொறுமையா இருங்க.

இன்னொரு தடவை செய்யும்போது கேபினட்ல ஏத்தறதுக்கு முன்னாடி, மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டி மேலயே வெச்சு ஓட்டிப் பாருங்க. பாதி அலைச்சல் மிச்சம்.

கே: கேபினட்டைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதுங்க அண்ணா. எஸ்எம்பிஎஸ் மாத்தணுமா?

இதை அலட்சியப்படுத்தாதீங்கம்மா. எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குப் பவர் கொடுக்கிற பெட்டி, நல்லா இருந்தாலும் இப்படி வரும். உள்ளே இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியா துளி கரண்ட் கேபினட்டுக்குக் கசியும். அது எர்த் கம்பி வழியா மண்ணுக்குப் போகணும். எர்த் இல்லேன்னா உங்க விரல் வழியா போகுது. பழைய வீடுகள்ல மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், பின்னாடி எர்த் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல அளக்கச் சொல்லுங்க. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் காட்டற அதே 230 வோல்ட் கிட்ட வரணும். ரொம்பக் குறைவா இருந்தா எர்த் சரியில்ல. சரி பண்ற வரைக்கும் மெஷினை ஓட்ட வேண்டாம், வீட்டுல குழந்தைங்க இருந்தா கண்டிப்பா வேண்டாம்.

கே: எஸ்எம்பிஎஸ் மேல 80 பிளஸ் கோல்டுன்னு போட்டிருந்தா நம்பி வாங்கலாமா?

மின்சாரம் எவ்வளவு வீணாகாம மாறுதுங்கிறதுக்குத்தான் அந்த முத்திரை. பாதுகாப்புக்கோ ஆயுளுக்கோ அது சான்று இல்ல. வாரன்டி எத்தனை வருஷம்னு பாருங்க. ப்ராசசர்ல ஆயிரம் ரூபா குறைச்சாவது எஸ்எம்பிஎஸ்ல போடுங்க.

கே: புது மாடுலர் (கேபிளைத் தனியா கழட்டி மாட்டற) எஸ்எம்பிஎஸ்-க்குப் பழைய கேபிளையே விட்டுடலாமா? எல்லாம் நல்லா கட்டி வெச்சிருக்கேன்.

வேண்டவே வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்ல எந்த வோல்ட் வரணும்னு பொதுவான விதி கிடையாது. ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 போனா ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே எரிஞ்சிடும், உள்ளே இருக்கிற போட்டோவும் சேர்ந்து. கட்டினதையெல்லாம் அவிழ்த்துட்டு, புதுப் பெட்டியில வந்த கேபிளையே போடுங்க.