ஐந்தெழுத்துப் புதிரும் அச்சடித்த பட்டியலும்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் தினமும் கைபேசியில் 'வேர்டில்' (Wordle) என்ற சொற்புதிர் ஆடுகிறாள். மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எங்காவது சிக்கிக்கொண்டால் உடனே இணையத்தில் 'ஆர், ஏ உள்ள ஐந்தெழுத்துச் சொற்கள்' என்று தேடி, வருகிற பட்டியலில் ஒன்றை எடுத்துப் போட்டுவிடுகிறாள். இது ஏமாற்று வேலை என்கிறேன். அகராதி பார்ப்பது தப்பா என்று திருப்பிக் கேட்கிறாள். ஆங்கிலம் வளரட்டுமே என்று ஆயிரம் ஐந்தெழுத்துச் சொற்களை அச்செடுத்து, தினம் இருபது மனப்பாடம் செய்யச் சொன்னேன். அதையும் தொடவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் மகள் செய்வதைவிட நீங்கள் செய்திருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. முதலில் அந்த அச்சுப் பட்டியலை அவள் மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்தால் விளையாட்டில் ஜெயிக்கலாம், சந்தேகமில்லை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல், எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தின் பிரெஞ்சு உலகப் போட்டியில் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சொற்களை வாரக்கணக்கில் உட்கார்ந்து மனத்தில் ஏற்றிக்கொண்டு போய் ஆடினார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்து காட்டினார். மலைக்க வைக்கும் சாதனைதான். ஆனால் பட்டியலால் மொழி வராது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? பொருளும் வாக்கியமும் இல்லாமல் தினம் இருபது சொல் விழுங்கச் சொன்னால், எந்தப் பிள்ளைக்கும் ஆங்கிலத்தின் மேல் வெறுப்புதான் வரும்.

இனி உங்கள் மகளின் கேள்வி. அகராதிக்கு நாம் ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு போகிறோம். இந்தத் தேடலுக்கு வெறுங்கையோடு போகிறோம். இரண்டும் ஒன்றல்ல. அதற்காக அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், எதிராளியே இல்லாத ஆட்டம் அது. ஆனால் ஆட்டத்தில் தனக்குக் கிடைக்க வேண்டியதை அவளே விட்டுக்கொடுக்கிறாள்.

என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். முதல் முயற்சியாக 'க்ரேன்' என்று போடுகிறாள்: சி, ஆர், ஏ, என், ஈ. ஆரும் ஏவும் பச்சையாகின்றன, மற்ற மூன்றும் சாம்பல். பச்சை என்றால் எழுத்து சரியான இடத்தில் இருக்கிறது, சாம்பல் என்றால் சொல்லிலேயே இல்லை. அதாவது இரண்டாமிடம் ஆர், மூன்றாமிடம் ஏ. இங்கேதான் அவள் தேடுபொறியைத் திறக்கிறாள். திறக்காமல் இரண்டு நிமிடம் யோசித்தால் என்ன ஆகும்? சொல்லின் தொடக்கத்தில் ஆருக்கு முன்னால் எல்லா எழுத்தும் வராது. பிரெட், டிரைவர், ஃப்ரூட், கிராமர், பிரஸ், ட்ரெயின் என்று நாம் தினம் சொல்கிற சொற்களே எவை வரும் என்று காட்டிவிடும். அப்புறம், ராங் என்ற சொல்லில் சத்தமில்லாமல் நிற்கிறதே, அந்த டபிள்யூ. ஏறத்தாழ அவ்வளவுதான், இருபத்தாறு எழுத்து ஏழெட்டாகச் சுருங்கிவிட்டது. கடைசி எழுத்து எச் ஆக இருக்குமோ என்று பார்த்தால், அதுவும் தனியாக வராது. டிராஷில் எஸ்ஸோடு, கிராஃபில் பீயோடு சேர்ந்து வரும். ஆங்கில எழுத்துக்கூட்டல் எப்படி நடக்கிறது என்பது இப்படித்தான் பிடிபடும். பட்டியலில் அதே சொற்கள் வரிசையாக வந்து நிற்கும், ஆனால் இந்த யோசனை நடக்காது.

இன்னொன்றும் சொல்லுங்கள். சில நாள் கடைசி நான்கு எழுத்தும் ஐ, ஜி, எச், டி என்று தெரிந்துவிடும். லைட், நைட், ரைட், ஃபைட், மைட், சைட், டைட், எயிட் என்று எட்டுச் சொற்கள் முன்னால் நிற்கும். கையில் மூன்று முயற்சிதான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தோல்விதான். 'ஃபிலிம்ஸ்' என்று ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அது விடையாக இருக்காது, தெரிந்தேதான் போடுகிறோம். எஃப், எல், எம், எஸ் நான்கையும் ஒரே அடியில் சோதித்துவிடலாம். ஒன்று நிறம் மாறினால் விடை கையில். மாறாவிட்டாலும் எட்டு, நாலாகிவிட்டது. (கண்டுபிடித்த எழுத்துகளை அடுத்த முயற்சியிலும் போட்டே ஆக வேண்டும் என்ற கடின முறையில் ஆடினால் இந்த வழி செல்லாது.) இப்படி ஒரு வழியை ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடித்தால் எவ்வளவு சந்தோஷப்படும்!

பட்டியல் தேவையில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜோஷ் வார்டில் தன் துணைவி பலக் ஷாவுக்காக உருவாக்கிய ஆட்டம் இது. 2021 அக்டோபரில் பொதுவில் விட்டார், 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 அவருக்குக் கிடைத்தன. பலக் ஷா அவற்றைப் பார்த்து, தனக்குத் தெரிந்தது தெரியாதது என்று பிரித்துக் கொடுத்தார். மிஞ்சியது ஏறக்குறைய 2,500. விடைகள் அதிலிருந்துதான் எடுக்கப்பட்டன. ஆக, யாரும் கேள்விப்படாத சொல் விடையாக வருவது அபூர்வம். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குப் பெரும்பாலானவை ஏற்கெனவே தெரிந்திருக்கும், மனத்துக்குள் தேடினால் போதும்.

சரி, பட்டியலே கூடாதா? ஆட்டம் முடிந்த பிறகு தாராளமாகத் திறக்கட்டும். ஆறு முயற்சியும் போய்த் தோற்ற நாளில்கூட, தோற்ற பிறகு திறக்கட்டும். எந்தச் சொல் தனக்கு எட்டாமல் போனது என்று பார்த்து, புதிதாகக் கண்ட ஒன்றிரண்டுக்கு அகராதியில் பொருள் தேடி, ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்கட்டும். தினம் இருபது வேண்டாம், இரண்டு போதும்.

நீங்கள் காவல் காக்க வேண்டாம். அன்றன்றைய விடை எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் கைபேசியில் நீங்களும் அதே புதிரைப் போடுங்கள். இரவுச் சாப்பாட்டின்போது யார் எத்தனையாவது முயற்சியில் பிடித்தீர்கள், எந்த இடத்தில் மாட்டினீர்கள் என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.