வாசகர் கேள்வி–பதில்: குளம், அரண்மனை, கோட்டை

கேள்வி: சென்னையிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. தேரூர் குளம், பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை மூன்றையும் ஒரே நாளில் காட்ட முடியுமா? முட்டுவலிக்கார அத்தையும் கூட வருகிறார். – வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாக முடியும். விடியலில் குளம், காலையில் அரண்மனை, மாலையில் கோட்டை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்று அரண்மனைக்கு விடுமுறை.

தேரூருக்கு ஆறரைக்குள் போய்விடுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் நில்லுங்கள். எதிர்வெயிலில் எந்தப் பறவையும் வெறும் நிழலாகத்தான் தெரியும். உடம்பெல்லாம் கறுத்து, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம் இட்டதுபோல் நீந்துவது நாமக்கோழி. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. கவிமணி பிறந்த ஊர் இது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில். தக்கலை போகும் வழியில் கோட்டை இருக்கும் புலியூர்க்குறிச்சிதான் முதலில் வரும். பலர் அங்கேயே இறங்கிவிட்டு, பன்னிரண்டரைக்கு அரண்மனை வாசலில் போய் நிற்கிறார்கள். 1 மணிக்கு மூடினால் 2 மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே கோட்டையைத் தாண்டி நேரே அரண்மனைக்குப் போங்கள். 9 மணிக்குத் திறக்கும். இரண்டு மணி நேரமாவது வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே மரப்படிகள் குறுகல், செங்குத்து, வாசல் நிலைகளும் தாழ்வு. அத்தைக்கு முகப்பு மண்டபமான பூமுகமே போதும். குதிரை விளக்கையும் கூரையில் செதுக்கிய பூக்களையும் அங்கேயே நின்று நிதானமாகப் பார்க்கலாம். மற்றவர்கள் மாடியிலுள்ள மந்திரசாலைக்கு (அரசரின் ஆலோசனை மண்டபம்) ஏறிப் போய், நிற மைக்கா பதித்த சன்னல் வழியே தரையில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கறுப்புத் தரையில் சிமென்ட் கிடையாது. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது.

சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கோட்டை. உள்ளே இன்னொரு அரண்மனையை எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. இது பீரங்கி வார்த்த படைக்கோட்டை. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான்களைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். கூரையில்லாத சிற்றாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர், பிறகு அவருக்கே படைத்தளபதியாகி இந்தக் கோட்டையைப் பலப்படுத்தியவர். 1777-இல் இறந்தார். கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது. எழுத்து தேய்ந்திருப்பதால் நேர்வெளிச்சத்தில் பிடிபடாது. சாய்வெயிலில் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? – வாசகர், குலசேகரம்

பதில்: ஜனவரி, பிப்ரவரி. வலசைப் பறவைகள் இருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், ஜூனிலும் அக்டோபரிலும் கோட்டைக் கற்கள் பாசி பிடித்து வழுக்கும். நவராத்திரிக்கு முன்பு சரஸ்வதி அம்மன் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் நாளில் வந்தால் ஊர்வலத்தைக் காணலாம். ஆனால் அன்று அரண்மனையைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிடாதீர்கள், கூட்டம் நெரியும்.