கடற்படையில் 12 வருடம் முடிகிறது, ரயில் ஓட்டப் போகலாமா?

கேள்வி: சேர், நான் மாளிகாவத்தை. வயது 32. கடற்படையில் எஞ்சின் அறையில் வேலை செய்கிறேன். வருகிற வருடம் 12 வருடம் முடிகிறது. இன்னும் 10 வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் 22 வருடத்தோடு பென்ஷன். ஆனால் சின்ன வயதிலிருந்தே ரயில் எஞ்சின் ஓட்டத்தான் ஆசை. எங்கள் வீட்டுப் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ரயில் யார்ட். படையிலிருந்து வந்தவர்களுக்கு ரயில்வேயில் முன்னுரிமை உண்டா? இப்போதே விலகி முயற்சி செய்யவா? டுபாயில் இருக்கிற மச்சான் அங்கே மெட்ரோ ஓட்ட வா என்கிறார். மனைவி ஆறாம் மாதம், முதல் பிள்ளை.

பதில்: தம்பி, விலகல் கடிதம் எழுதியிருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். ஆசை தவறில்லை. முப்பது வருடத்துக்கு மேல் எஞ்சினில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலையை நான் நேசிக்கிறேன், வர நினைப்பவரைத் தடுக்க மாட்டேன். ஆனால் நியமனக் கடிதம் கையில் இல்லாமல், பிள்ளை பிறக்கப் போகிற நேரத்தில், மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வராதீர்கள்.

ரயில்வே வருடாவருடம் ஆள் எடுக்கும் இடமல்ல. வெற்றிடங்கள் சேர்ந்து, அனுமதி கிடைத்து, வர்த்தமானியில் அறிவித்தல் வந்தால்தான் கதவு திறக்கும். அதன் பிறகு எழுத்துப் பரீட்சை, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாக நடக்கும். அறிவித்தல் வந்த நாளிலிருந்து நியமனம் வரை எவ்வளவு காலம் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த இடைவெளியை உங்கள் குடும்பம் எதைத் தின்று கடக்கும்?

முன்னுரிமை பற்றிக் கேட்டீர்கள். அந்த அறிவித்தலில் எழுதியிருந்தால் உண்டு, எழுதியிருக்காவிட்டால் இல்லை. "உள்ளே ஆள் இருக்கிறார், இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருவார்" என்று யாராவது வந்தால், அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துங்கள். கொழும்பில் இப்படிப் பணத்தைக் கொடுத்துவிட்டு அழுத பல குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். படையிலிருந்து பணிக்கொடை கிடைத்த கையோடு வருகிறவர்களைத்தான் இந்தத் தரகர்கள் முதலில் மோப்பம் பிடிப்பார்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் வயது. அரச வேலைக்கு நேரடியாக எடுக்கும்போது உச்ச வயது பெரும்பாலும் 30, 35 என்ற இடங்களில் நிற்கும். 22 வருடம் முடித்து 42, 43 வயதில் வெளியே வருகிறவருக்கு அந்தக் கதவு எப்போதோ மூடியிருக்கும். ஆகவே உங்கள் முன்னால் இருப்பது உண்மையான தெரிவுதான், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானியைப் பாருங்கள், தமிழிலும் வருகிறது. அறிவித்தல் வந்தால் முதலில் வயது எந்தத் திகதிக்குக் கணக்கிடப்படுகிறது என்ற வரியைத் தேடுங்கள். ஏற்கனவே அரச சேவையில் இருப்பவருக்கு வயதுத் தளர்வு இருக்கிறதா, படைச் சேவை அதில் அடங்குமா என்று அதற்கு அடுத்த வரிகளில் தேடுங்கள். தெளிவாக இல்லை என்றால் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். விண்ணப்பத்தை உங்கள் கட்டளை அதிகாரி ஊடாக முறைப்படி அனுப்புங்கள், ஒளித்துப் போடாதீர்கள். முறையான விடுவிப்புப் பத்திரம் இல்லாமல் வருகிறவருக்கு அரச வேலை நடக்காது.

12 வருடம் முடிகிற நாள் வரை அறிவித்தல் எதுவும் வரவில்லை என்றால்? என் தம்பியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு 22 வருடத்தையும் முடி என்றுதான் சொல்லியிருப்பேன். 42, 43 வயதில் பென்ஷனோடு, எஞ்சின் தொழில் கையில் இருக்க வெளியே வருவது சின்ன விஷயமில்லை. சிலர் இதைக் கோழைத்தனம் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

சரி, அழைப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாளே யாரும் உங்களிடம் எஞ்சினைத் தரமாட்டார்கள். உதவியாளராகத்தான் நுழைவீர்கள். சாரதியின் பக்கத்தில் நின்று சிக்னலைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வது, யார்டில் பெட்டிகளைக் கோர்த்துப் பிரிக்கும் ஷண்டிங், எஞ்சின்கள் நிற்கும் ஷெட்டில் எண்ணெய், தண்ணீர், மணல் பார்ப்பது என்று வருடங்கள் போகும். கடற்படையில் உங்களுக்குக் கீழே ஆட்கள் இருந்திருப்பார்கள். இங்கே உங்களைவிட வயது குறைந்த சாரதியின் கீழ் வேலை செய்ய நேரலாம். மனம் அதற்குத் தயாரா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சின் அறிவு உங்களுக்குக் கைகொடுக்கும், அதில் சந்தேகமே இல்லை. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வந்த எம்.2 எஞ்சின்கள், ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று மாகாணப் பெயர் தாங்கியவை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றின் வயிற்றில் இருப்பது 12 சிலிண்டர் 567 வகை இரண்டு ஸ்ட்ரோக் டீசல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் எல்.எஸ்.டி. தரையிறக்கக் கப்பல்களை ஓட்டியதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். கப்பலில் அது புரொப்பெல்லரைச் சுழற்றியது, இங்கே ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது, அதன் மின்சாரம் சில்லுகளின் மோட்டார்களுக்குப் போகிறது. இதெல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் விளங்கிவிடும். வெற்றிட பிரேக்கும் அப்படித்தான். குழாயில் வெற்றிடம் இருக்கும்வரை பிரேக் தளர்ந்திருக்கும். குழாய் எங்கே கழன்றாலும் காற்று உள்ளே பாய்ந்து பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். கோளாறு வந்தால் வண்டி நிற்க வேண்டும் என்பதுதான் அந்த அமைப்பின் அடிப்படை.

சாரதிக்கும் அதேதான் அடிப்படை. படையிலிருந்து வருகிறவர்களுக்குக் கஷ்டமான இடமும் இதுதான். சொன்ன வேலையை எப்படியாவது முடி என்று உங்களைப் பழக்கியிருக்கிறார்கள். தடை வந்தால் வழி கண்டுபிடி, காத்திருக்காதே. அங்கே அது தேவை. ரயிலில் அந்தக் குணம் ஆளைக் கொல்லும்.

முன்னாள் இராணுவத்தினர் ஒருவர் என்னோடு உதவியாளராக இருந்தார். அவரைப் போல நேரம் தவறாத, கண்கூர்மையான பையனை நான் கண்டதில்லை. ஒரு மழை இரவு, ஒற்றைத் தண்டவாளப் பாதையில், ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னல் சிவப்பில் நிற்கிறது. ஹோர்ன் அடித்துப் பார்த்தோம், அசையவில்லை. பின்பெட்டிகளில் சனம் ஏசத் தொடங்கிவிட்டது. இவர் சொன்னார், "சேர், நான் டோர்ச் அடிச்சிக்கிட்டு முன்னால நடக்கிறேன். நீங்க மெல்ல மெல்ல கொண்டு வாங்க." தைரியமான யோசனைதான். முடியாது என்றேன். ஸ்டேஷன் மாஸ்டரிடம் நடந்து போய் நாங்கள் நிற்பதைச் சொல்லி, சிக்னலைக் கடக்க எழுத்தில் அனுமதி வாங்கி வரச் சொன்னேன். நனைந்து போய் நனைந்து வந்தார். காற்றில் முறிந்த ஒரு கிளை சிக்னல் கம்பியில் விழுந்து கிடந்ததாம். முன்னால் பாதை முழுக்க வெறுமை. "அப்ப சும்மாதானே சேர் நின்றோம்" என்றார்.

சும்மா நிற்கவில்லை. பாதை வெறுமை என்பது அந்தக் கடதாசி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் அது வெறும் நம்பிக்கை. நம்பிக்கையை வைத்து நூற்றுக்கணக்கான பேரைக் கொண்டுபோக எனக்கு உரிமையில்லை. இதை அவர் உண்மையாக ஏற்றுக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது. பிறகு அருமையான சாரதியானார்.

மலைநாட்டுப் பாதையில் இன்றும் டெப்லட் முறையைக் காணலாம். பிரம்பு வளையத்தில் தொங்கும் பைக்குள் ஒரு உலோக வட்டு. இரு ஸ்டேஷன்களின் கருவிகளும் மின்சாரத்தால் பூட்டப்பட்டிருப்பதால், அந்தத் துண்டுப் பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு வட்டுதான் வெளியே வரும். வட்டு உங்கள் கையில் இல்லையென்றால் எந்த மேலதிகாரி கட்டளையிட்டாலும் நீங்கள் நகரக் கூடாது. கட்டளைக்குப் பணிவதையே பத்து வருடம் பழகியவர், கட்டளையிடுகிறவரைப் பார்த்து "மாட்டேன் சேர், டெப்லட் இல்லை" என்று சொல்ல வேண்டிவரும். இதை வாயில் வரும்வரை பழகுங்கள்.

நிற்பதும் உடனே நடக்கிற காரியமில்லை. 80 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீற்றர் போகிறீர்கள். கண்ணில் பட்டபிறகு பிரேக் போட்டால் பல நேரம் காலம் கடந்திருக்கும். அதனால்தான் சாரதி பாதையை மனப்பாடம் செய்கிறார். ரம்புக்கனையில் பின்னால் ஒரு எஞ்சின் பூட்டி, கடுகண்ணாவை வரை ஏறும் பாதை ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி உயரும். அதே இடத்தில் இறங்கும்போது பிரேக்கை எங்கே தொடுவது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது. களனிவெளிப் பாதையின் வளைவுகள் வேறு கதை.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் சனம் தண்டவாளத்தில் நடப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள், காதில் இயர்போன். 2005 ஏப்ரலில் பொல்காவலைக்கு அருகே யாங்கல்மோதரைக் கடவையில், வருகிற ரயிலுக்கு முன்னால் கடந்துவிடலாம் என்று ஒரு பஸ் புகுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்களில் அநேகமாக எல்லோருக்கும் சேவைக் காலத்தில் இப்படி ஒரு முகமாவது இருக்கும். ஹோர்ன் அடித்தோம், பிரேக் போட்டோம், வண்டி நிற்கவில்லை. கனவில் அந்த முகம் வரும். கடலில் ஏற்கனவே நீங்கள் பார்த்த ஏதாவது இரவில் உங்களை எழுப்புகிறதென்றால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் பேசிவிட்டு வாருங்கள். நான் வருடக்கணக்காக ஒருவரிடமும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

அடுத்தது காது. எஞ்சின் அறையில் 11 வருடம் இருந்திருக்கிறீர்கள். இரைச்சல் கேட்கும் திறனைத் தின்பது முதலில் 4000 ஹேர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகளில்தான். வீட்டுப் பேச்சு நன்றாகக் கேட்கும், அதனால் ஆளுக்குத் தெரியவே வராது. மருத்துவப் பரிசோதனையில் விழுந்த பிறகு வருந்துவதைவிட இந்த மாதமே ஒலிச்சோதனை செய்துகொள்ளுங்கள். நிறப்பார்வையையும் புள்ளிப் படங்களை வைத்துப் பாருங்கள். கடற்படையில் சேரும்போது பார்த்தார்கள் என்று விட்டுவிட வேண்டாம். இந்த இரண்டில் ஒன்று சரியில்லை என்றால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மொழி விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பரீட்சையைத் தமிழில் எழுதலாம், ஆனால் ஷெட்டிலும் பாதையிலும் ஓடுவது சிங்களம்தான். பேச உங்களுக்கு வரும். வேகக் கட்டுப்பாட்டு அறிவித்தல்களைத் தயங்காமல் வாசிக்கவும் வர வேண்டும், அதில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் போதும்.

மச்சான் சொன்ன டுபாய்க் கதை: டுபாய் மெட்ரோ 2009இல் ஓடத் தொடங்கியதே சாரதி இல்லாமல்தான். 2019இல் வந்த டோஹா மெட்ரோவும், 2024இல் திறந்த ரியாத் மெட்ரோவும் அப்படியே. டுபாய் டிராமில் சாரதி உண்டு. சவூதியின் மக்கா, மதீனா அதிவேக ரயிலிலும் உண்டு. அங்கே 2022இல் 30 பெண் சாரதி இடங்களுக்கு அந்த நாட்டிலேயே 28,000 பேர் விண்ணப்பித்தார்கள் என்றால் போட்டியை யோசித்துப் பாருங்கள். சாரதி அனுபவம் ஒரு நாள்கூட இல்லாமல் அதை நம்பிப் பயணச்சீட்டு வாங்காதீர்கள். மெட்ரோ பராமரிப்பு வேலை என்றால் அது வேறு, அதற்கு உங்கள் டீசல், மின் அறிவு பேசும்.

அதற்கும் இதற்கும் பொதுவாக ஒன்று செய்யலாம். கடற்படையில் கற்றதை வெளியார் வாசிக்கிற தாளாக மாற்றுங்கள். முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் வழி, அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் இருக்கிறது. சீருடையில் இருக்கும்போதே பயிற்சிப் பதிவுகள், எந்த எஞ்சினில் எவ்வளவு காலம் என்ற விவரம் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். வெளியே வந்தபிறகு ஒரு கடதாசிக்கு ஆறு மாதம் அலைவீர்கள்.

இன்னொரு காரியம். லீவில் வீட்டுக்கு வரும்போது ஒரு விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி தெமட்டகொடை ஷெட் பக்கம் நடந்து போங்கள், உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு டியூட்டிக்கு வருகிறவர்களில் ஒருவருக்கு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, அவர் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு எத்தனை தடவை வீட்டில் இருந்திருக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை மனைவியிடமும் சொல்லுங்கள். நீங்கள் கடலில் இருந்த இரவுகளை வீட்டில் தாங்கியவர் மனைவி, அவருடைய சம்மதமும் இதில் வேண்டும்.

பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். ஒலிச்சோதனை முடிவு கைக்கு வந்ததும், வர்த்தமானியில் ஏதாவது கண்டதும், மறுபடி எழுதுங்கள். விண்ணப்பத்தை நிரப்பும்போது நானும் ஒரு தடவை பார்க்கிறேன்.