மெஷின் ஓடுற சைட்ல யாரு பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் ஹிட்டாச்சி (மண்ணு தோண்டுற மெஷின்) ஆபரேட்டர், வாடகை வண்டி ஓட்டுறேன். இப்ப ஒரு அபார்ட்மென்ட் சைட்ல பேஸ்மென்ட் தோண்டிட்டிருக்கோம். சிக்னல் காட்ட ஆளே கிடையாது, வண்டி சுத்துற இடத்துலயே சித்தாளுங்க மண்ணு ஒதுக்கிட்டிருக்காங்க. சூப்பர்வைசர்கிட்ட சொன்னா "நீ பாத்து ஓட்டுப்பா"ங்கறார். யாருக்காச்சும் அடிபட்டா கேஸ் என்மேலதானா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, போலீஸ் வந்தா முதல்ல உங்க பேரத்தான் எழுதுவாங்க, அத மறைச்சுப் பேசறதுல அர்த்தமில்ல. அஜாக்கிரதையால உயிர் போச்சுன்னா பழைய ஐபிசி 304ஏ-ல 2 வருஷம் வரைக்கும்தான் தண்டனை, அதுக்குப் பதிலா 2024 ஜூலைல இருந்து வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 106-ல அது 5 வருஷம் வரைக்கும் போகும். ஆனா "பாத்து ஓட்டு"ன்னு சொல்லிட்டுப் போறாரே அவர நெனச்சா எனக்கு ஆத்திரமா வருது. தெரியாத இடத்த எப்படிப்பா பாத்து ஓட்டுறது? நீங்க உக்காந்திருக்கற கேபின்ல இருந்து வலதுபக்கம் பூம் (பக்கெட்ட தாங்குற பெரிய கை) மறைக்கும், பின்னாடி இன்ஜின் மறைக்கும். பக்கெட்ட இடதுபக்கம் திருப்புறப்ப உங்க கண்ணு பக்கெட்லதான் இருக்கும், அதே நேரத்துல பின்னாடி நாலு டன் கிட்ட வர்ற கவுன்ட்டர்வெயிட் (வண்டி முன்னாடி கவுராம இருக்க வைக்கற எடை) வலதுபக்கம் சுத்துது. அங்க காம்பவுண்ட் சுவருக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு அம்மா கூடைய எடுக்கக் குனிஞ்சிருந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது, இரைச்சல்ல சத்தமும் கேக்காது. அந்த இடத்துக்கு ஆள் வராம தடுக்கறது ஓட்டுறவர் வேலையே இல்ல, சைட்ட நடத்துறவங்க வேலை. 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் அதத்தான் சொல்லிச்சு, அதுக்குப் பதிலா 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் பாதுகாப்பான வேலையிடம் குடுக்கறது முதலாளியோட கடமைன்னுதான் சொல்லுது.

அதனால நாளைக்கே ஒண்ணு பண்ணுங்க. சித்தாளுங்க நிக்கற இடத்த ஒரு போட்டோ எடுத்து, "வண்டி சுத்துற இடத்துல ஆள் இருக்காங்க, தடுப்பு போட்டு சிக்னல்மேன் ஒருத்தர குடுங்க"ன்னு சூப்பர்வைசருக்கும் உங்க வண்டி ஓனருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. வாயால சொன்னத நாளைக்கு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. தடுப்புன்னா ரிப்பன் கட்டுறது இல்ல, பைப்போ பேரிகேடோ நட்டு வைக்கணும், சுத்துற வட்டத்துக்கு வெளிய. கிட்ட வந்துதான் ஆகணும்னா பக்கெட்ட தரையில இறக்கி, கை தவறிப் பட்டாலும் மெஷின் அசையாம தடுக்கற சேஃப்டி லாக் லிவர போட்டு, நீங்க கை காட்டினதுக்கு அப்புறம்தான் வரணும். அதுவரைக்கும் ஆள் உள்ள இருந்தா வண்டிய நிறுத்துங்க. வாடகை மணிக்கணக்கு ஓடுதுன்னு திட்டுவாங்கதான், திட்டட்டும்.

பொறுப்பு மேல போகவே போகாதுன்னும் நெனைக்காதீங்க. 2025 ஜூன்ல சென்னை ராமாபுரம் பக்கம் மெட்ரோ வேலையில கர்டர் (பாலத்துக்கு வைக்கற பெரிய கான்கிரீட் உத்தரம்) விழுந்து பைக்ல போன ஒருத்தர் இறந்துட்டாரு, அதுல ஒப்பந்த கம்பெனிக்கே மெட்ரோ நிறுவனம் 1 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போன இடத்துல ஜேசிபி ரிவர்ஸ் வந்து கால் நசுங்கிடுச்சு. ஆஸ்பத்திரி செலவு கொஞ்சம் குடுத்துட்டு, "இனி எதுவும் கேக்க மாட்டேன்"னு பத்திரத்துல கைநாட்டு வாங்கிட்டாங்க. மேஸ்திரிதான் கூட்டிட்டுப் போனாரு, பில்டர் எனக்கு சம்பந்தமே இல்லங்கறார். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: முடியும்மா. வேலையில அடிபட்டதுக்கான இழப்பீட்டு உரிமைய விட்டுக்குடுக்கறேன்னு எழுதி வாங்கற காகிதம் சட்டப்படி செல்லாது, 1923 இழப்பீட்டுச் சட்டத்துல இருந்தே அப்படித்தான். மேஸ்திரி கூட்டிட்டுப் போனாலும் வேலை யாருக்காக நடந்துச்சோ அந்த பில்டர்கிட்டயே இழப்பீடு கேக்கலாம், அவர் வேணும்னா மேஸ்திரிகிட்ட அப்புறம் வசூல் பண்ணிக்கட்டும். ஆஸ்பத்திரி சீட்டு, எக்ஸ்ரே, கூட வேலை பாத்த ரெண்டு பேரோட பேரு ஃபோன் நம்பர், எத்தன நாள் என்ன கூலிக்குப் போனாருங்கற விவரம், எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு மாவட்டத் தொழிலாளர் துறை ஆபீஸ்ல போய்ப் பாருங்க, எங்க மனு போடணும்னு சொல்லுவாங்க. இலவச சட்ட உதவி மையம் கோர்ட் வளாகத்துலயே இருக்கு, அங்க மனு எழுதித் தருவாங்க. காலக்கெடு இருக்கறதால தள்ளிப் போடாதீங்க. இன்னொண்ணு, அந்த ஜேசிபிக்கு நம்பர் பிளேட் இருந்தா குறிச்சு வச்சுக்குங்க, டயர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கும், அந்த வழியும் இருக்கான்னு வக்கீல்கிட்ட கேளுங்க. கட்டுமான நலவாரிய அட்டை இருந்தா அந்த உதவி தனி, அதையும் விடாதீங்க.

கேள்வி: எங்க சைட்டுக்கு மேல ஈபி லைன் போகுது. டிப்பர் தொட்டி தூக்குறப்ப பட்டுடுமோன்னு பயமா இருக்கு. பட்டா டிரைவர் உடனே குதிச்சிடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: குதிக்கக் கூடாது, கேபின்லயே உக்காந்திருக்கணும். ஒரு கால் தரையிலயும் ஒரு கை வண்டியிலயும் இருந்தா கரன்ட் உடம்பு வழியா இறங்கிடும். முடிஞ்சா தொட்டிய இறக்கி வண்டிய நகத்தலாம், இல்லன்னா ஈபிக்கு ஃபோன் போட்டு லைன் ஆஃப் ஆகற வரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க. தீப்பிடிச்சுட்டா மட்டும், வண்டியத் தொடாம ரெண்டு காலையும் சேத்து வெளிய குதிச்சு, காலத் தூக்காம சின்னச் சின்னதா நகந்து தள்ளிப் போகணும். ஆனா இதெல்லாம் கடைசி வழிதான், லைனுக்குக் கீழ மண்ணு கொட்டுற இடமே வைக்காம வேற பக்கம் மாத்தச் சொல்லி இன்னைக்கே இன்ஜினியர்கிட்ட கேளுங்க.