மூடிய மென்பொருளுக்குள் ஜிபிஎல் லைப்ரரி இருந்தால் மொத்த மூலநிரலையும் கொடுக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: அவருடைய நிறுவனம் விற்கும் மூடிய மென்பொருளுக்குள் ஜிபிஎல் (GPL) என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வரும் ஒரு லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, இருப்பது இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. அந்த லைப்ரரியின் மூலநிரலை மட்டும் கொடுத்தால் போதுமா, இல்லை தாங்கள் எழுதியதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

லைப்ரரியின் நிரலை மட்டும் கொடுத்தால் போதாது. அதே சமயம், உங்கள் நிரலை யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போகவும் முடியாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும் என்று குழப்பமாக இருக்கும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஜிபிஎல் என்பது பதிப்புரிமை வைத்திருப்பவர் கொடுக்கும் அனுமதி. அவர் நிபந்தனையோடு கொடுத்திருக்கிறார்: என் நிரலைச் சேர்த்து உருவாக்கியதைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால், முழுவதையும் இதே உரிமத்தில், மூலநிரலோடு கொடு. அதைச் செய்யாவிட்டால் அந்த அனுமதி உங்களுக்கு இல்லை, நீங்கள் விற்றுக்கொண்டிருப்பது பதிப்புரிமை மீறல். அதற்குத் தடை கேட்டும் இழப்பீடு கேட்டும் அவர் நீதிமன்றம் போகலாம். ஆனால் அதிலிருந்து வெளியே வரும் வழியைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். லைப்ரரியை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாம், எழுதியவரிடம் பணம் கொடுத்துத் தனி உரிமம் வாங்கலாம், மொத்தத்தையும் ஜிபிஎல்லில் வெளியிடலாம், அல்லது விற்பதையே நிறுத்தலாம்.

சரி, உங்களுக்கு இந்தக் கடமை உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மென்பொருள் உங்கள் கையை விட்டு வெளியே போகிறதா? நிறுவனத்துக்குள்ளேயே பயன்படுத்தினால் ஜிபிஎல் எதையும் கேட்பதில்லை, மாற்றி எழுதியிருந்தாலும் கேட்பதில்லை. உங்கள் சர்வரில் ஓடவிட்டு ஆட்கள் பிரவுசர் வழியாகப் பயன்படுத்தினாலும் ஜிபிஎல்லைப் பொறுத்தவரை அது விநியோகம் ஆகாது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2007-இல் ஏஜிபிஎல் 3 (AGPL) என்ற தனி உரிமம் வந்தது. நீங்கள் மாற்றிய ஏஜிபிஎல் நிரலோடு நெட்வொர்க் வழியாக யாராவது தொடர்புகொண்டால் அவருக்கு மூலநிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும். ஆகவே பெயரில் அந்த ஒரு எழுத்து கூடுதலாக இருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள்.

அடுத்தது, உங்கள் நிரலும் அவர்கள் நிரலும் எப்படி ஒட்டியிருக்கின்றன என்பது. இங்கேதான் எல்லோரும் சந்து தேடுகிறார்கள். தேடுவது புதிதும் இல்லை. 1980-களின் கடைசியில் நெக்ஸ்ட் என்ற கணினி நிறுவனம், ஜிபிஎல்லில் வரும் ஜிசிசி கம்பைலருக்கு (மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) ஆப்ஜெக்டிவ்-சி மொழிக்கான பகுதியை எழுதியது. அதன் மூலநிரலைக் கொடுக்க மனமில்லை. ஆப்ஜெக்ட் கோப்புகளை (மூலநிரலைக் கம்பைல் செய்தபின் கிடைக்கும் இயந்திர நிரல்) மட்டும் கொடுத்துவிட்டு, ஜிசிசியோடு லிங்க் செய்யும், அதாவது ஒரே புரோகிராமாக இணைக்கும், வேலையைப் பயனரிடமே விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னது. ஜிபிஎல்லை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் வழக்கறிஞர் அது செல்லாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் மூலநிரல் வெளியே வந்தது. லிங்க் செய்வதை யார், எப்போது செய்கிறார் என்பதை வைத்து விளையாட நினைக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தனி புரோகிராமாக ஓடவிட்டு, கட்டளை வரி வழியாகவோ பைப் (ஒன்றின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் வழி) வழியாகவோ பேசினால் பொதுவாக அவை இரண்டு தனிப் படைப்புகள். ஒரே வட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுப்பதாலும் ஒட்டிக்கொள்ளாது. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஜிபிஎல்லின் 2-ஆம் பதிப்பில் இருந்தும் அதன் மேல் மூடிய மென்பொருள்கள் ஓடுவதற்குக் காரணம், சாதாரண சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) வழியாகப் பயன்படுத்துவதை வழித்தோன்றல் படைப்பாக, அதாவது கெர்னலிலிருந்து உருவான படைப்பாக, கருதவில்லை என்று கெர்னலின் உரிமக் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே மெமரிக்குள் உட்கார்ந்து, ஒருவர் டேட்டா அமைப்புகளை இன்னொருவர் தொட்டுக்கொண்டு ஓடும் நிரல்களை நடுவில் ஒரு மெல்லிய உறை போட்டுப் பிரித்துவிட்டோம் என்று சொன்னால், அதை நான் நம்ப மாட்டேன், உங்கள் எதிர்த்தரப்பு வக்கீலும் நம்ப மாட்டார்.

ஒருவேளை உங்கள் லைப்ரரி எல்ஜிபிஎல் (LGPL, ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம்) ஆக இருந்தால் நிலைமை லேசானது. அந்த லைப்ரரியின் மூலநிரலையும் நீங்கள் அதில் செய்த மாற்றங்களையும் கொடுத்தால் போதும், உங்கள் பகுதி மூடியே இருக்கலாம். ஆனால் பயனர் அந்த லைப்ரரியைத் தானே மாற்றிப் புதிய பதிப்பைப் பொருத்திக்கொள்ள முடிய வேண்டும். டைனமிக் லிங்க் (லைப்ரரி தனிக் கோப்பாக இருந்து, ஓடும்போது இணைவது) என்றால் இது தானாக நடக்கும். ஸ்டாடிக் லிங்க் (லைப்ரரியை உங்கள் கோப்புக்குள்ளேயே சேர்த்துவிடுவது) செய்திருந்தால் உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது கொடுக்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் ரிவர்ஸ் எஞ்சினியரிங் (மென்பொருளைப் பிரித்துப் பார்த்து அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது) கூடாது என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அதையும் திருத்த வேண்டும், ஏனென்றால் பயனர் அந்த லைப்ரரியில் செய்யும் மாற்றங்களைச் சோதித்துப் பிழை திருத்துவதற்காக அதை அனுமதிக்கச் சொல்கிறது எல்ஜிபிஎல்.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற தளர்வான உரிமங்கள் எல்லாம் உங்கள் நிரலைக் கேட்பதில்லை. பதிப்புரிமை வரியையும் உரிம உரையையும் கூடவே கொடு என்பதுதான் முக்கியமாகக் கேட்பது, அதையும் ஏராளமான பேர் செய்வதில்லை. ஒருவர் தன் வேலையை இலவசமாகக் கொடுத்துவிட்டு என் பெயரை மட்டும் அழிக்காதே என்கிறார், அதைக்கூடச் செய்யாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அப்புறம் ஒரு நுணுக்கம்: அப்பாச்சி 2.0 உரிம நிரல் ஜிபிஎல் 3-உடன் சேரும், ஜிபிஎல் 2 மட்டும் என்று இருப்பதுடன் சேராது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆவணங்களை மாற்றித் தரும் ஒரு மென்பொருள் செய்தோம். நான் சேர்த்த லைப்ரரி எம்ஐடி, அதைப் பார்த்துத்தான் சேர்த்தேன். அது இழுத்து வந்த இன்னொரு லைப்ரரி ஜிபிஎல், அதை நான் பார்க்கவில்லை. வாடிக்கையாளரின் சோதனையில் அது வெளிவந்தபோது ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது. உட்கார்ந்து அந்தப் பகுதியைப் பிரித்தெடுத்து வேறொன்றை வைத்தோம், தேதி தள்ளிப்போனது. அன்றிலிருந்து நேரடியாகச் சேர்ப்பதை மட்டும் பார்க்காமல், பில்டில் (மென்பொருளைக் கட்டியெழுப்பும்போது) வந்து விழும் ஒவ்வொரு பேக்கேஜின் உரிமத்தையும் தானாகப் பட்டியலிடும் கருவியை முதல் நாளே பொருத்திவிடுகிறேன்.

வேறொருவரிடமிருந்து வாங்கினோம், எங்களுக்குத் தெரியாது என்ற பதிலும் நிற்காது. 2003-இல் லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸ் ஓடுவதைப் பயனர்கள் கண்டுபிடித்தபோது, அந்த நிரல் சிப் சப்ளையர்கள் வழியாக வந்தது. பெட்டியில் தன் பெயரைப் போட்டு விற்றவர்தான் மூலநிரலைக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த பிறகு அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான கட்டற்ற மென்பொருள் வளர்ந்தது. வாங்கியவருக்குத் தன் கருவியைத் திருத்தும் உரிமை இருந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி உங்கள் விஷயம். புதிய பிரதிகள் வெளியே போவதை இன்றே நிறுத்துங்கள், உரிமக் கோப்பைத் திறந்து ஜிபிஎல்லின் பதிப்பு 2-ஆ 3-ஆ என்று பாருங்கள். ஜிபிஎல் 3 என்றால் முதல் முறை அறிவிப்பு வந்து 30 நாட்களுக்குள் சரிசெய்தால் உரிமை திரும்பக் கிடைக்கும். நீங்களாகவே நிறுத்தி, அதன்பின் 60 நாட்கள் வரை யாரும் அறிவிக்காவிட்டாலும் கிடைக்கும். ஜிபிஎல் 2-இல் அப்படியொரு ஏற்பாடு கிடையாது, மீறியவுடன் உரிமை போய்விடும். கெர்னல் டெவலப்பர்கள் பலர் 2017-இல் அதே அவகாசத்தைத் தாங்களாகவே கொடுப்பதாக அறிவித்தார்கள், ஆனால் உங்கள் லைப்ரரியை எழுதியவருக்கு அது பொருந்தாது. அவருக்கு நீங்களே முதலில் எழுதுங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். தனி உரிமம் விற்பவராக இருந்தால் அன்றே பேசி முடிக்கலாம். பலருடைய பங்களிப்பு அதில் இருந்தால் எல்லோருடைய சம்மதமும் வேண்டியிருக்கும், அப்போது லைப்ரரியை மாற்றுவதே சீக்கிரம் முடியும் வேலை. கடிதம் போவதற்கு முன் இந்தத் துறை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், ஏற்கெனவே விற்ற பிரதிகளுக்கு என்ன செய்வது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.