போன மெயில் எங்கே நிற்கிறது?

"மெயில் போகவில்லை, என்ன செய்வது?" என்று வரும் கேள்விகளில் பெரும்பாலும் ஒன்று மட்டும் இருக்காது: வாங்க மறுத்த சர்வர் என்ன சொன்னது என்பது. திரும்பி வந்த பவுன்ஸ் மெயிலின் கீழே மூன்று இலக்க எண்ணோடு ஒரு வரி இருக்கும். வைத்தியரிடம் போகும்போது எங்கே வலிக்கிறது என்று சொல்வதைப் போன்றது அது. அந்த வரியை அனுப்பியவர்களின் கேள்விகளை இந்த முறை முதலில் எடுத்துக்கொண்டேன்.

கோவை வாசகர்: எங்களுடையது போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்பும் மென்பொருள்) சர்வர். பத்து நாளாக ஜிமெயில் முகவரிகளுக்கு மட்டும் மெயில் திரும்பி வருகிறது. மற்றவர்களுக்குப் போகிறது. பவுன்ஸில் 550 5.7.26 என்று இருக்கிறது.

அனுப்பியது உண்மையிலேயே உங்கள் டொமைன்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை என்பதுதான் இந்த எண்ணின் பொருள். எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் சர்வர் போடும் மின்கையொப்பம்) இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும் என்பதை 2024 பிப்ரவரி முதல் கூகுள் எல்லோருக்கும் விதியாக்கிவிட்டது. மற்ற சர்வர்கள் அவ்வளவு கண்டிப்பு காட்டாததால் அங்கே போய்விடுகிறது.

உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸை, அதாவது அதன் பொதுப் பதிவேட்டைப் பார்த்தேன். எஸ்பிஎஃப் ரெக்கார்டு இரண்டு இருக்கிறது. ஒன்று பழையது, உங்கள் சர்வருக்கானது. இன்னொன்று நியூஸ்லெட்டர் சேவைக்காக யாரோ புதிதாகச் சேர்த்தது. அந்தச் சேவை கொடுத்த வரியை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப்தான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே புதிய சேவையின் இன்க்ளூடை (include: என்று தொடங்கும் பகுதியை) சேர்த்துவிட்டு, மற்றதை நீக்குங்கள். ஒரு எஸ்பிஎஃப்பைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் ஆகக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். சேவைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒருநாள் அந்த வரம்பைத் தாண்டி மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

இதோடு நிறுத்த வேண்டாம், டிகிமையும் போட்டுவிடுங்கள். கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் 2048 பிட் சாவியை டிஎன்எஸ்ஸில் ஏற்றும்போது ஒரு சிக்கல் வரும். ஒரு டெக்ஸ்ட் துண்டில் 255 எழுத்துதான் கொள்ளும், சாவியோ அதைவிட நீளம். அதனால் அதை இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்துப் போட வேண்டும். சில பேனல்கள் தாமே பிரித்துக்கொள்ளும், சில சொல்லாமல் வெட்டிவிடும். முடித்ததும் ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டுக்கும் நேரே 'பாஸ்' என்று இருந்தால் வேலை முடிந்தது.

திருப்பூர் வாசகர்: சர்வரை கிளவுடுக்கு மாற்றினோம். வெளியே போகும் ஒவ்வொரு மெயிலும் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) நிற்கிறது. போர்ட்டை (சர்வரின் வாசல் எண்ணை) 587 ஆக மாற்றியும் பயனில்லை. க்யூவைக் காலி செய்துவிடலாமா?

க்யூவைத் தொடவே தொடாதீர்கள். அதில் இருப்பதெல்லாம் உங்கள் ஆட்கள் எழுதிய கடிதங்கள்.

கிளவுட் நிறுவனங்கள் பலவும் 25ஆம் போர்ட் வழியாக வெளியே போவதை முதலிலேயே அடைத்து வைத்திருக்கும். அமேசான் அப்படித்தான், விண்ணப்பித்தால் திறந்து விடுவார்கள். உங்கள் சர்வரிலிருந்து ஜிமெயிலின் எம்எக்ஸ் சர்வருக்கு (வரும் மெயிலை வாங்கும் சர்வர்) 25இல் டெல்நெட் (இணைப்பு கிடைக்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள். பிறகு வேறு இரண்டு இடங்களுக்கும் பாருங்கள். எல்லாமே மௌனம் என்றால் அடைப்பு உங்கள் பக்கம்தான். ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் கொடுப்பது 25இல் மட்டும்தான். 587 என்பது பாஸ்வேர்டு கொடுத்து, அனுப்பச் சொல்லி ஒப்படைக்கும் வாசல். எனவே ஒன்று, 25ஐத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் மெயிலை வாங்கி அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவையிடம் கணக்கு வாங்கி, 587 வழியாக அவர்களிடம் ஒப்படையுங்கள். வழி திறந்ததும் க்யூவில் இருப்பது தானாகப் போய்விடும்.

ஆனால் இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலை 5 நாள் வைத்திருந்து முயற்சி செய்யும். அதுவரை அனுப்பியவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாது. தாமத எச்சரிக்கை நேரம் என்ற செட்டிங் இயல்பில் 0, அதாவது எச்சரிக்கை கிடையாது. நான் நேரில் பார்த்த ஒரு நிறுவனத்தில் டெண்டர் விலைப்பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினார்கள். பவுன்ஸ் வந்தது புதன்கிழமை மாலை. டெண்டர் செவ்வாயோடு முடிந்துவிட்டது. இரண்டு வாரம் கண்விழித்துக் கணக்குப் போட்ட பெரியவர் அந்த பவுன்ஸை பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. இன்றைக்கே அந்த செட்டிங்கை 4 மணி நேரம் என்று மாற்றுங்கள்.

சென்னை வாசகர்: திங்கள் காலை வந்து பார்த்தால் க்யூவில் முப்பதாயிரம் மெயில். நாங்கள் அனுப்பியவை அல்ல. எங்கள் ஐபி பிளாக்லிஸ்டில் (ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் பட்டியலில்) ஏறிவிட்டது. அதிலிருந்து எடுக்க விண்ணப்பித்தோம், எடுத்தார்கள், மாலையே மறுபடி ஏற்றிவிட்டார்கள்.

ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைத்திருக்கிறீர்கள். பிளாக்லிஸ்ட் வேலையைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் வெளியே போவதை நிறுத்தி, க்யூவை ஹோல்டில் போடுங்கள். அடுத்து லாகில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவில்) லாகின் பெயர் வரும் வரிகளை எடுத்து, எந்தப் பெயர் எத்தனை முறை என்று எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு பெயர் ஆயிரக்கணக்கில் நிற்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் இணைப்புகளையும் துண்டியுங்கள். இதை விட்டுவிட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பவன் அனுப்பிக்கொண்டேதான் இருப்பான். பிறகு அந்தப் பெயரில் கிளம்பியவற்றை மட்டும் க்யூவிலிருந்து நீக்குங்கள். எந்தப் பெயரும் சிக்கவில்லை என்றால், அதே சர்வரில் ஓடும் வெப்சைட்டின் ஸ்கிரிப்டைச் சந்தேகியுங்கள்.

பாஸ்வேர்டு தெரிந்தவன் ஸ்பேம் மட்டும் அனுப்பியிருப்பான் என்று இருந்துவிடாதீர்கள். இன்பாக்ஸையும் படித்திருப்பான். அந்தக் கணக்கில் ஃபார்வர்டு, ஃபில்டர் ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். கணக்குப் பிரிவின் மெயில் என்றால், வாடிக்கையாளர்களை இன்றே போனில் கூப்பிட்டு, "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால் நம்பாதீர்கள்" என்று சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். இப்படி அத்துமீறி நுழைந்ததை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் உள்ள விதி. ஆகவே பதற்றத்தில் லாகை அழித்துவிடாதீர்கள்.

பாஸ்வேர்டைப் பறிகொடுத்த ஊழியரை எல்லோர் முன்னாலும் திட்ட வேண்டாம். அடுத்த முறை தவறான லிங்கை அழுத்தியவர் உடனே வந்து சொல்வதா, மறைப்பதா என்பதை இன்றைய திட்டுதான் முடிவு செய்யும்.

மதுரை வாசகர்: சில இடங்களுக்கு மட்டும் 451 என்று வருகிறது. பத்து நிமிடத்தில் தானாகப் போய்விடுகிறது. ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டாம். 4இல் தொடங்கினால் 'பிறகு வா', 5இல் தொடங்கினால் 'வராதே'. முன்பின் தெரியாத சர்வரை ஒருமுறை திருப்பி அனுப்பிப் பார்க்கும் கிரேலிஸ்டிங் அது. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் பலர் திரும்பி வருவதில்லை, ஒழுங்கான சர்வர் வரும்.

ஓசூர் வாசகர்: 9 எம்பி டிராயிங் எங்கள் சர்வரிலேயே நின்றுவிடுகிறது. வரம்பு 10 எம்பி என்றுதானே இருக்கிறது?

இணைப்புக் கோப்பு மெயிலில் போகும்போது எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிடும். உங்கள் 9 எம்பி 12ஐத் தாண்டிவிடுகிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான வரம்பில் ஏழரை எம்பி கோப்பு போனாலே அதிகம். வரம்பைக் கூட்டலாம், ஆனால் வாங்குகிறவரும் வாங்க வேண்டுமே. பெரிய டிராயிங்கை டிரைவில் போட்டு லிங்க் அனுப்புங்கள்.

திருச்சி வாசகர்: ஒரே ஜிமெயில் முகவரிக்குக் காலையில் போகிறது, மாலையில் பிடிஆர் (ஐபி எந்தப் பெயருக்குரியது என்று காட்டும் டிஎன்எஸ் ரெக்கார்டு) இல்லை என்று திரும்புகிறது. பிடிஆர் போட்டுத்தான் இருக்கிறோம்.

ஐபிவி4க்கு (பழைய வகை ஐபி முகவரிக்கு) போட்டிருப்பீர்கள். சர்வர் சில நேரம் ஐபிவி6 (புதிய வகை முகவரி) வழியாகக் கிளம்புகிறது, அதற்கு இல்லை. லாகில் மறுப்பு வரியில் உங்கள் ஐபி நீளமாக, முக்காற்புள்ளிகளோடு இருந்தால் இதுதான். பிடிஆரை டொமைன் பேனலில் தேடாதீர்கள், ஐபியைக் கொடுத்தவர்தான் போட்டுத்தர வேண்டும். அதுவரை போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4இல் மட்டும் அனுப்பச் சொல்லி வையுங்கள்.

கரூர் வாசகர்: லாகில் 'சென்ட்' என்றே இருக்கிறது. ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளர் வரவில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். 250 என்று பதில் வந்தால், அவருடைய சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் பொருள். அதன்பின் அது ஸ்பேமில் கிடக்கலாம், சந்தேகப்பட்டு ஒதுக்கி வைக்கும் குவாரண்டைனில் கிடக்கலாம். 250க்குப் பக்கத்தில் ஒரு அடையாள எண் இருக்கும். பதிவுத் தபாலின் ரசீது மாதிரி, அது அவர்கள் சர்வர் கொடுத்தது. அந்த முழு வரியையும், மெசேஜ் ஐடியையும் (ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள தனி அடையாளம்), அனுப்பிய தேதி நேரத்தையும் வாடிக்கையாளரின் ஐடி ஆட்களுக்கு வேறு ஒரு முகவரியிலிருந்து அனுப்புங்கள். "வரவில்லை" என்று மட்டும் சொன்னால் தேட மாட்டார்கள், எண்ணோடு கேட்டால் தேடி எடுத்துவிடுவார்கள். நேரத்துக்குப் பக்கத்தில் இந்திய நேரம் என்று மறக்காமல் எழுதுங்கள். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை.